19 வயதுப் பெரியவர்

குளிர்காலத்தில் பின்லாந்தின் சிறுநகரம் ஒன்றில் டை கட்டிய இளைஞர்கள் இருவர் ஜோடியாக வந்தால் அவர்கள் யாரென்று விசாரிக்க வேண்டியதில்லை, மார்மன் சபையின் மிஷனரிகள். அந்த நாட்டில் டை என்பது கல்யாணத்துக்கும் இழவுக்கும் உரிய பொருள். வங்கிக்காரரே ஸ்வெட்டரோடுதான் வேலைக்குப் போகிறார். இவர்கள் முகத்திலோ கல்யாணக்களை. மணி காலை ஒன்பது, வெளியே இன்னும் இருட்டு, மைனஸ் இருபது டிகிரி. எதிரே வருகிற ஒருவரையும் விடாமல் பல் தெரியச் சிரிக்கிறார்கள். முன்பின் தெரியாதவனைப் பார்த்துச் சிரிப்பவன் குடித்திருக்க வேண்டும், பைத்தியமாக இருக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் அமெரிக்கனாக இருக்க வேண்டும் என்பது அந்த ஊர்க்காரர்கள் தங்களைப் பற்றியே சொல்லிக்கொள்ளும் பழைய வேடிக்கை. இருவரில் ஒருவன் நம் ஆள். குடிப்பதில்லை. மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை, அதில் 'எல்டர்' இன்னார் என்று எழுதியிருக்கிறது. எல்டர் என்றால் பெரியவர். பெரியவருக்கு வயது 19, நெற்றியில் பரு.

அரிசோனாவில் மேசா என்ற ஊரில் பிறந்தவன். 1878இல் மார்மன் குடியேறிகள் உண்டாக்கிய ஊர் அது. கோடையில் வெயில் 45 டிகிரியைத் தொடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு உட்கார இடமில்லாமல் பின்னால் மடக்கு நாற்காலி போடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் பையனுக்குப் பதினெட்டு முடிந்தால், "எப்ப மிஷன் போற?" என்று முடிவெட்டுகிறவர்கூடக் கேட்பார். மிஷன் போகும் வயது 2012 வரை ஆண்களுக்குப் பத்தொன்பது என்று இருந்தது. பிறகு ஒரு வயது குறைத்தார்கள். தாய்மார்கள் துணி துவைக்கக் கற்றுக்கொடுக்க வைத்திருந்த ஓராண்டு அதோடு போயிற்று. மிஷன் என்றால் இரண்டு ஆண்டு மத ஊழியம். சம்பளம் கிடையாது. மாறாக, இவன் குடும்பம் மாதம் 500 டாலர் கட்ட வேண்டும். எந்த நாடு என்பதைச் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிற சபைத் தலைமை தீர்மானிக்கும். இப்படி உலகம் முழுக்க எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பையன்கள், பெண்களும் உண்டு, எந்நேரமும் ஏதாவது ஒரு தெருவில் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

அழைப்பு முன்பு பெரிய வெள்ளை உறையில் தபாலில் வரும், இப்போது கணினியில். அழைப்பைத் திறக்க உறவு கூடுவது மட்டும் மாறவில்லை. மாமா, அத்தை, பக்கத்து வீடு என்று நாற்பது பேர் கூடி, சுவரில் உலக வரைபடத்தை மாட்டி, ஆளாளுக்கு ஓர் ஊசி குத்துவார்கள். அப்பா பிரேசில் போனவர், அண்ணன் பிலிப்பைன்ஸ். பையன் மனதுக்குள் ஒரு கடற்கரையை நினைத்துக்கொண்டு உரக்க வாசித்தான்: பின்லாந்து ஹெல்சிங்கி மிஷன். யாருடைய ஊசியும் அந்தப் பக்கம் இல்லை. பாட்டி கைதட்டிவிட்டு, "அங்கே என்ன விளையும்?" என்று கேட்டார்.

யூட்டாவின் புரோவோ நகரில் பயிற்சி மையம். அங்கே சில வாரங்களில் பின்னிஷ் மொழியை ஏற்றி அனுப்பிவிடுவார்கள். நமக்குத் தமிழில் எட்டு வேற்றுமைக்கே பள்ளியில் கண்ணைக் கட்டியது, பின்னிஷில் 15. நம் பையன் ஹெல்சிங்கியில் வந்து இறங்கியபோது மனந்திரும்புதல், உயிர்த்தெழுதல், நித்திய ஜீவன், ஆசாரியத்துவம் எல்லாவற்றையும் பிழையில்லாமல் சொல்லத் தெரிந்திருந்தது. உப்பு எங்கே இருக்கிறது என்று கடையில் கேட்கத் தெரியவில்லை. கேட்டாலும் பயனில்லை, பணிப்பெண் அவன் உச்சரிப்பின் முதல் அசையிலேயே நல்ல ஆங்கிலத்துக்கு மாறிவிடுவாள். உலகமெங்கும் இந்த மிஷனரிகள் இலவச ஆங்கில வகுப்பு நடத்தி ஆள் சேர்ப்பார்கள். பின்லாந்தில் அந்தச் சரக்கும் விலைபோகாது. இவனுடைய ஆங்கிலத்தில் எழுத்துப்பிழை கண்டுபிடிக்கும் பள்ளிப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள்.

அடுத்தது கூட்டாளி. ஒரு மிஷனரி தனியாக இருக்கவே கூடாது. குளியலறையைத் தவிர மற்ற நேரமெல்லாம் கூட்டாளி கண்ணுக்கெட்டும் தூரத்தில், காதுக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கூட்டாளியை மிஷன் தலைவர் முடிவு செய்வார், ஜாதகம் பார்க்காத கல்யாணம். குறைந்தது ஆறு வாரம் சேர்ந்து வாழ வேண்டும், அதன்பின் இடமாற்றம் வரலாம், வராமலும் போகலாம். நம் பையனின் கூட்டாளி ஐடஹோவில் உருளைக்கிழங்குப் பண்ணையில் வளர்ந்தவன். காலை ஆறரைக்கு மணி அடிப்பதற்கு முன்பே எழுந்து, இருட்டில் தண்டால் எடுத்தபடி உரக்க எண்ணுவான். பின்னிஷில் எண்ணுவான், பயிற்சியாம். கிறிஸ்தவ அன்பு என்ற ஒன்று இல்லாவிட்டால் அந்த அறையில் எத்தனையோ நடந்திருக்கும்.

கதவு தட்டுவதைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை, ஏனென்றால் பின்லாந்தில் அது சீக்கிரம் முடிந்துவிடும். அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் பூட்டு, சங்கேத எண் தெரியாமல் உள்ளே நுழைய முடியாது. நுழைந்தாலும் பழைய வீடுகளில் குளிருக்காக ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள். இதற்கு மேல் பெயர்ச் சிக்கல். தங்களை மார்மன் என்று சுருக்கி அழைக்க வேண்டாம், முழுப் பெயரையே சொல்லுங்கள் என்று 2018இல் சபைத் தலைவர் ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது தமிழிலேயே ஒரு மூச்சு. பின்னிஷில், 'மியோஹெம்பியென் ஐகோயென் பியூஹியென் யேசுக்சென் கிறிஸ்துக்சென் கிர்க்கோ'. அதில் இரண்டாம் சொல்லைப் பையன் தொடும்போது, "வேண்டாம், நன்றி" என்று மிக மரியாதையாகக் கதவு சாத்தப்பட்டிருக்கும். படாரென்று சாத்த மாட்டார்கள். படாரென்று சாத்தியிருந்தால் வீட்டுக்கு எழுதவாவது ஏதாவது இருந்திருக்கும்.

இதில் அவன் முன்னோடிகள் பெரிய ஆட்கள். அமெரிக்க அரசியல்வாதி மிட் ராம்னி 1966 முதல் 1968 வரை பிரான்சில் இதே வேலையைச் செய்தார். ஒயினில் நீந்துகிற நாட்டில், மது வேண்டாம் என்று சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கினார். 2012இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் மக்கள் கதவைச் சாத்தியபோது அவர் அதை எடுத்துக்கொண்ட பக்குவத்தைப் பலர் வியந்தார்கள். பயிற்சி எங்கே கிடைத்தது என்பதைத்தான் யாரும் யோசிக்கவில்லை.

பின்லாந்தில் ஒயினைவிடப் பெரிய தடை காபி. 1833இல் சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித்துக்குக் கிடைத்ததாக இவர்கள் நம்பும் வெளிப்பாடு ஒன்று புகையிலை, மது, சூடான பானங்கள் ஆகியவற்றை விலக்கச் சொல்கிறது. சூடான பானங்கள் என்றால் காபியும் தேநீரும் என்பது சபையின் தீர்ப்பு. ஆண்டுக்குத் தலைக்குப் பத்துக் கிலோ அளவுக்குக் காபித்தூள் செலவாகிற நாட்டுக்கு இதைக் கொண்டு போகிறான் நம் பையன். உலகத்திலேயே அதிகமாகக் காபி குடிப்பவர்கள் வரிசையில் அவர்கள் முன்னணி. தொழிற்சங்க ஒப்பந்தத்தில் சம்பளத்துக்குப் பக்கத்தில் காபி இடைவேளையும் எழுதியிருக்கும்.

ஆகவே நடப்பது இது. பத்து நாள் அலைந்த பிறகு ஒரு தாத்தா மனமிரங்கி உள்ளே கூப்பிடுகிறார். ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர், பொழுது போகவில்லை. பனிக்காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு இருவரும் உட்கார்கிறார்கள். ஏலக்காய் மணக்கிற 'புல்லா' பன் வருகிறது. நம் மூக்குக்குப் பழகிய வாசனை. பின்லாந்துக்காரர்கள் பன்னில் ஏலக்காயை அள்ளிப் போடுவார்கள். பிறகு கெட்டில் நிறையக் காபி.

"வேண்டாம் ஐயா, நாங்க காபி குடிக்கிறதில்ல."

"வயிறு சரியில்லையா?"

"இல்லீங்க. எங்க மார்க்கத்துல..."

தாத்தா இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறார். தங்கத் தகடுகளில் எழுதப்பட்ட வேதம், அதைக் காட்டிக்கொடுத்த தேவதூதன், 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஆறு பேரோடு பதிவான சபை என்று அவர்கள் சொன்னதையெல்லாம் கண் இமைக்காமல் கேட்டவர் அவர். இப்போதுதான் முகத்தில் முதல் சந்தேகம் எழுகிறது. "கோகோ இருக்கு," என்கிறார் கடைசியில், பேரப்பிள்ளைகளுக்கு வாங்கி வைத்தது. பேரப்பிள்ளைகளின் கோப்பையிலேயே தருகிறார். முயல் படம் போட்ட கோப்பையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு பெரியவர்கள் இருவரும் இரட்சிப்பின் திட்டத்தை விளக்குகிறார்கள். அடுத்த வாரமும் வரச் சொல்கிறார் தாத்தா. அவருக்கு அவர்கள் மேல் இரக்கம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கிளைச் சபை கூடும். மேசாவில் நானூறு பேருக்கு நடுவே இவன் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. இங்கே கூடுவது இருபது பேர், கணக்கெழுதுகிறவர் இரண்டு எல்டர்களையும் சேர்த்து எண்ணினால். அவர் எப்போதும் சேர்த்துத்தான் எண்ணுவார், அதுவும் இரண்டு தடவை, எண்ணிக்கை கூடியிருக்குமோ என்ற ஆசையில். சம்பளப் பாதிரியார் என்று ஒருவர் இந்தச் சபையில் எங்குமே கிடையாது. கிளைத் தலைவர் வாரநாளில் மின்சார வேலை பார்ப்பவர். ஆகவே வாசல் பனியை அள்ளுவது, நாற்காலி போடுவது, பிரசங்கம், ஞாயிறு பள்ளி எல்லாம் பெரியவர் தலையில். பியானோவும். பன்னிரண்டு வயதில் அழுது அடம்பிடித்து நிறுத்திய பியானோ. ஐந்து பாட்டுதான் வரும், எனவே அவன் இருக்கும்வரை அந்தக் கிளை அந்த ஐந்து பாட்டாலேயே கடவுளைத் துதித்தது.

திருவிருந்துக்கு அப்பமும் தண்ணீரும். அவற்றின் மேல் வாசிக்கும் ஜெபம் சொல்லுக்குச் சொல் சரியாக இருக்க வேண்டும். பிசகினால் திரும்ப வாசிக்க வேண்டும் என்பது விதி. வந்த முதல் ஞாயிறே இவனை முழந்தாளிடச் செய்தார்கள். வாசித்தான். தலைவரைப் பார்த்தான். தலைவர் மெல்லத் தலையை இடம் வலமாக அசைத்தார். மறுபடி வாசித்தான். மறுபடி அசைவு. நான்காம் முறை தலை மேலும் கீழுமாக அசைந்தபோது அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சபையாரில் ஒருவர் முகத்திலும் ஒரு மாற்றமில்லை. கோபமா, சிரிப்பா என்று தெரியாமல் அன்று முழுக்கத் தவித்தான். பின்லாந்தில் இரண்டுக்கும் முகம் ஒன்றே என்று தெரியச் சில மாதமாயிற்று.

மாதத்தின் முதல் ஞாயிறு இன்னும் மோசம். அன்று உபவாசம், அதோடு, யார் வேண்டுமானாலும் எழுந்து போய்த் தன் விசுவாசத்தைச் சாட்சி சொல்லலாம். மேசாவில் இதற்கு வரிசை நிற்கும், சின்னக் குழந்தைகள்கூட மைக்கை விட மாட்டார்கள். இங்கே கிளைத் தலைவர், "இனி நேரம் உங்களுடையது," என்று சொல்லி உட்கார்ந்தார் என்றால் உட்கார்ந்ததுதான். இருபது பேரும் தரையைப் பார்ப்பார்கள். யாருக்கும் அதில் சங்கடம் இல்லை. மௌனத்தை ஆற அமர அனுபவிக்கிறவர்கள். அமெரிக்கப் பிள்ளைக்குத்தான் மூன்றாம் நிமிடத்தில் மூச்சு முட்டும். எழுந்து போவான். மாதா மாதம் போவான். இந்தப் பையனுக்கு எவ்வளவு விசுவாசம் என்று சபையார் நினைத்துக்கொண்டார்கள்.

இந்தக் கிளையின் உண்மையான நிர்வாகி ஒரு பாட்டி. கிளைக்குக் கிளை இப்படி ஒருவர் இருந்தே தீருவார். இவர் 1960களில் சிறுமியாக இருந்தபோது இவர் அம்மாவின் வாசலில் டை கட்டிய இருவர் வந்து நின்றார்கள். அன்று முதல் வந்த எல்டர்கள் அத்தனை பேரையும் ஆல்பத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்: முதலில் கறுப்பு வெள்ளை, பிறகு நிறம், பிறகு கைபேசிப் படங்களை மருமகன் அச்செடுத்துக் கொடுத்தவை. 1947இல் பின்லாந்தில் மிஷன் தனியாகத் தொடங்கியதிலிருந்து வந்து போன எல்டர்களின் பூர்வோத்தரம் முழுக்க அவருக்குத் தெரியும். மூன்றாம் வாரம் அழுகிறவன் எவன், ஆறாம் மாதம் காதலியின் கல்யாணச் செய்தி வந்து சாப்பிடாமல் கிடப்பவன் எவன் என்று காலணி கழற்றும் விதத்திலேயே சொல்லிவிடுவார். (அந்தக் காதலி கட்டிக்கொள்வது பெரும்பாலும் அப்போதுதான் மிஷன் முடித்துத் திரும்பிய இன்னொருவனை. இவன் திரும்பிப் போய் வேறு எவனுடைய காதலியையோ கட்டுவான். ஒட்டுமொத்தத்தில் கணக்கு சரியாகிவிடும்.)

நம் பையன் வந்ததும் கிளையை ஓராண்டில் இரட்டிப்பாக்கும் திட்டம் ஒன்றைத் தாளில் வரைந்து கொண்டுபோய் அவரிடம் காட்டினான். அம்புக்குறிகள் எல்லாம் போட்டிருந்தான்.

"நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு மீன் சூப் ஊற்றினார். "போன தடவை வந்தவன் பச்சை மையில போட்டிருந்தான். கையில என்ன, கையுறை இல்லையா? நாளைக்கு வா, பின்னி வைக்கிறேன்."

மறுநாள் போனான். உறை தயார், அளவெடுக்காமலே பொருந்தியது. கூடவே கறுப்பு மிட்டாய் ஒன்றும் கொடுத்தார். 'சல்மியாக்கி' என்று அவர்கள் உயிரை விடும் பண்டம். அதிமதுரத்தில் நவச்சாரம் போட்டது. ஆமாம், ஈயம் பூசுகிறவர் பயன்படுத்தும் அதே நவச்சாரம். வாயில் போட்ட எல்டரின் முகத்தைப் பார்ப்பதுதான் அறுபது ஆண்டு விசுவாச வாழ்க்கையில் பாட்டி தனக்கென்று அனுமதித்துக்கொண்ட ஒரே கேளிக்கை.

வாரம் ஒரு முறை இருவரும் பாட்டி வீட்டில் விறகு பிளப்பார்கள். சேவை செய்யத்தானே வந்தார்கள். வியர்க்க வியர்க்கப் பிளந்து அடுக்கிவிட்டு, ஒரு வயோதிகப் பெண்ணுக்கு உதவிய நிறைவோடு திரும்புவார்கள். ஓராண்டுக்குப் பிறகுதான் நம் பையன் கவனித்தான்: அந்த வீட்டில் விறகடுப்பே இல்லை. நகராட்சியின் வெந்நீர்க் குழாயில் சூடு வருகிறது. விறகு, எல்டர்கள் சோர்ந்துவிடாமலிருக்க அவர் பென்ஷனில் வாங்கிப் போடுவது. பிளந்த விறகைப் பக்கத்து வீட்டுக்காரர் தன் சானா குளியலறைக்கு எடுத்துக்கொண்டு போவார்.

அதற்குள் அவனுக்கு ஊர் பழகிவிட்டது. பிரேசில் போன நண்பன் வாராவாரம் ஞானஸ்நானப் படங்களை அனுப்புவான். பின்லாந்தில் இரண்டு ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ வாய்த்தால் பெரிது. இவன் பதிலுக்குப் பனிப் படம் அனுப்புவான். திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள், அன்றுதான் வீட்டோடு பேசலாம். 2019 வரை அதற்கும் வழியில்லை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் தொலைபேசி. ஆண்டுக்கு இரண்டு முறை அழுத தாய்மார்கள் விதி தளர்ந்ததும் வாரம் ஒரு முறை அழுதார்கள். சில மாதத்தில் அழுகை போய், "சட்டையை அயர்ன் பண்றியா இல்லையா?" என்பதில் வந்து நின்றது.

ஊர் திரும்பிய முதல் ஞாயிறு மேசா சபையில் அவனைப் பேச அழைத்தார்கள். மடக்கு நாற்காலி வரை கூட்டம். கையில் பின்லாந்துப் பாட்டி பின்னிய உறை. வெளியே 41 டிகிரி. கடைசியில் ஒரு நிமிடம் பின்னிஷில் சாட்சி சொல்லும்படி கேட்டார்கள், அது வழக்கம். 15 வேற்றுமைகளையும் போட்டுக் கலக்கிவிட்டான். பிழை பிடிக்க ஆளில்லாத இடத்தில் அந்த மொழி இவ்வளவு சரளமாக வரும் என்று அவனுக்கே தெரியாது. அம்மா அழுதார். பாட்டி கைதட்டிவிட்டு, அங்கே என்னதான் விளையும் என்று மறுபடி கேட்டார். பையன் சட்டைப்பையிலிருந்து ஒரு கறுப்பு மிட்டாயை எடுத்து நீட்டி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.