கீழ்நோக்கி வளர்ந்த வீடுகள்

லண்டனின் கென்சிங்டன், செல்சி வட்டாரங்களில் பெரும்பகுதி ‘பாதுகாப்புப் பகுதி’, அதாவது பழைய கட்டடத் தோற்றம் கெடாதபடி சட்டம் காக்கும் பகுதி, என்பதால், மேலே மாடி எழுப்ப வழியற்ற செல்வர்கள் நிலத்தடியில் நீச்சல்குளமும் திரையரங்கும் தோண்டி, மரபுக்குப் பங்கமின்றி வீட்டைக் கீழ்நோக்கி வளர்த்தனர். 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி, அயல்வீட்டுக்கு 3 மீட்டருக்குள் அதன் அடித்தளத்தைவிட ஆழமாகத் தோண்டுபவர் முன்னறிவிப்புத் தர வேண்டும்; அயலார் இசையாவிடில் கட்டட அளவையாளர்கள் தீர்ப்பளிப்பர்; அவர்களது கட்டணம் பெரும்பாலும் தோண்டுபவர் தலையிலேயே விழுவதால், செலவில்லாமல் பகை வளர்க்கும் வசதி அயலாருக்கு வாய்த்தது. 2015இல் நகரமன்றம் நிலவறைகளைப் பொதுவாக ஒரே தளத்துக்கும் பாதித் தோட்டத்துக்கும் சுருக்கியது. ஆயினும், சுவரில் விழுந்த விரிசல் எவ்வளவு, மனத்தில் விழுந்த பொறாமை எவ்வளவு என்று பிரித்தளக்க எந்தச் சட்டமும் அளவையாளரை நியமிக்கவில்லை.