இல்லிருந்து எழுதுவார் இயல்: காரைக்கால் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

வீட்டிலிருந்தபடி மனம் ஒன்றி எழுதுவது எப்படி என்று உபதேசிக்க வந்தவர்கள் பெரும்பாலும் கதவிலிருந்தே தொடங்குகிறார்கள். வர்ஜீனியா வுல்ஃப் 1929இல், எழுதும் பெண்ணுக்கு ஆண்டுக்கு ஐந்நூறு பவுண்டு வருமானமும் பூட்டுப் போட்ட தனியறையும் வேண்டும் என்றார். ஐந்நூறு பவுண்டு இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. பூட்டைப் பற்றிச் சொல்லலாம். காரைக்காலில் பகலில் சாத்திய கதவுக்கு இரண்டே பொருள்: உள்ளே இருப்பவருக்கு உடம்பு சரியில்லை, அல்லது உள்ளே சண்டை. எதுவானாலும் என்ன ஏது என்று விசாரித்துவிட்டுப் போவது அக்கம்பக்கத்தார் கடமை. எனவே இவ்வூரில் திறந்த கதவைவிடச் சாத்திய கதவே அதிகம் தட்டப்படும் என்க.

பூட்ட வேண்டியது கதவையன்று, உடுப்பை என்பாரும் உளர். விக்தோர் ஹ்யூகோ 1830இல் நோத்ருதாம் நாவலை முடிக்க முடியாமல் திணறியபோது, தம் உடைகளையெல்லாம் பூட்டிவைத்துவிட்டு ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சால்வையோடு உட்கார்ந்து எழுதினாராம். வெளியே தலைகாட்ட முடியாதல்லவா? காரைக்காலுக்கு 1739இல் வந்து 1954இல் கிளம்பிய பிரெஞ்சுக்காரர்கள் இந்த உத்தியை நமக்கு விட்டுப்போகவில்லை. விட்டுப்போயிருந்தாலும் செல்லாது. நைட்டியின்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் மீன்கார அம்மாவிடம் பேரம் பேசி, அரிசிக் கடைக்குப் போய், தெருமுனையில் நின்று ஒரு நாழிகை பேசிவிட்டும் வரலாம்.

இனி உள்ளூர்ச் சான்றுகள்.

முதற்சான்று காரைக்கால் அம்மையார். அவர் பாடியனவாகக் கிடைப்பவை அற்புதத் திருவந்தாதி 101, திருவிரட்டை மணிமாலை 20, மூத்த திருப்பதிகங்கள் இரண்டிலுமாக 22, ஆக 143 பாட்டு. இவற்றுள் காரைக்கால் வீட்டில் இருந்து எழுதியவை எத்தனை? பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் வரலாற்றை வரிசையாகப் பார்த்தால், ஒன்றுமில்லை. புனிதவதியாராக அவர் குடித்தனம் நடத்திய காலம் முழுவதும் சோறு ஆக்குவதிலும் அடியாரை உபசரிப்பதிலும் கழிந்திருக்கிறது. அந்தாதியும் மணிமாலையும் பேயுரு எய்திய பின்னரே வருகின்றன. பதிகங்கள் அதற்கும் பிறகு, திருவாலங்காட்டில். இவ்வூரின் முதல் எழுத்தாளர் இந்த வீட்டை விட்டும் இந்த உடம்பை விட்டும் வெளியேறிய பிறகே எழுத முடிந்திருக்கிறது என்பது இதனால் பெறப்படும்.

அவர் எடுத்துக்கொண்ட வடிவத்தையும் கவனிக்க வேண்டும். அந்தாதியில் ஒரு பாட்டு முடிகிற சொல்லிலேயே அடுத்த பாட்டு தொடங்கும். பாதியில் எழுந்துபோய் உலைக்கு அரிசி போட்டுவிட்டு வந்தாலும், எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை. இப்படி ஒரு வடிவத்தின் அருமை, பாதிப் பாதியாக வாழ்ந்து பழகியவர்க்கே தெரியும். வீட்டில் கற்று வெளியே பயன்படுத்தினார் என்று கொள்க. இலக்கண ஆசிரியர்கள் இதை ஒப்புவார்களா என்பது வேறு. அவர்களில் எத்தனை பேர் உலை வைத்தவர்கள்?

இரண்டாம் சான்று, காரைக்காலுக்குத் தெற்கே பக்கத்தில் இருக்கும் திருமலைராயன்பட்டினம். அங்கே காளமேகப் புலவர் எமகண்டம் பாடியதாகக் கதை. குழி வெட்டி, தீ மூட்டி, எண்ணெய்க் கொப்பரை கொதிக்க, அதற்கு மேலே உறியில் உட்கார்ந்து, உடம்பில் கத்திகளைக் கட்டிக்கொண்டு, கேட்டவர் கேட்ட பொருளில் கேட்ட கணத்தில் பாட வேண்டும். சொல் தடுமாறினால் உயிர் போய்விடும். அறுபத்துநான்கு புலவர்கள் மாற்றி மாற்றிக் கேட்டார்களே, அது இடையூறு ஆகாதா எனின், ஆகாது. அவர்கள் பாட்டைத்தான் கேட்டார்கள். சிலிண்டர் எப்போது பதிவு செய்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மூன்றாம் சான்று திருநள்ளாறு. இதை விரித்தே சொல்ல வேண்டும்.

நளன் கதையில் கலி பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கிறான். ஒருநாள் நளன் கால் கழுவுகையில் சரியாக நனையாத ஓரிடம் கிடைக்கிறது. அதன் வழியே உள்ளே புகுந்துவிடுகிறான். கவனச் சிதறல் என்பது எப்படி நிகழ்கிறது என்பதற்கு இதைவிட நுட்பமான விளக்கத்தை நான் கண்டதில்லை. அது வாசலில் நின்று சத்தம் போடுவதில்லை. பொறுமையாக இருக்கும். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் இடையில் ‘மோட்டாரை நிறுத்தினேனா’ என்று நாமே நினைக்கும் ஓர் ஈரமில்லாத இடம் அதற்குப் போதும்.

தலபுராணத்தில் கலியின் இடத்தில் சனி. நளனை அந்தச் சனி விட்டு நீங்கிய தலம் திருநள்ளாறு. காரைக்காலிலிருந்து கூப்பிடு தூரம். இதன் விளைவாக, தமிழ்கூறு நல்லுலகில் நமக்கு உறவென்று இருக்கும் எவருக்கு ஏழரை தொடங்கினாலும், அவர் இரவு தங்கும் இடம் நம் வீடு. பரிகாரம் முடித்து நளதீர்த்தத்தில் முழுகி எழுந்தபின் உறவினர் வீடுகளுக்குப் போகக் கூடாது, நேரே தம் வீடு போய்ச் சேர வேண்டும் என்றொரு நம்பிக்கை உண்டு. ஆகவே அவர்கள் வெள்ளிக்கிழமை இரவே வந்துவிடுகிறார்கள். அதாவது, சனியை இறக்குவதற்கு முன்பு, சனியோடு. மறுநாள் காலை எள் தீபத்துக்குப் போகும் வழியில், கையில் பேனாவோடு இருக்கும் என்னைப் பார்த்து நாத்தனார் கேட்பார்: “அண்ணி, சும்மாத்தானே எழுதிக்கிட்டு இருக்கீங்க? எங்ககூட வாங்களேன்.” இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை சனிப்பெயர்ச்சி வரும்போது, 2023 டிசம்பர் 20 போன்ற நாட்களில், இது உறவு என்ற அளவைத் தாண்டி முகாம் ஆகிவிடும். புதுச்சேரிப் பிரதேசத்துப் பெட்ரோலும் இன்னொரு திரவமும் மலிவு என்பதால், தரிசனத்துக்கு வராதவர்களும் வருவார்கள்.

விடுமுறைகளையும் சேர்க்க வேண்டும். மூன்று புறம் தமிழ்நாடு சூழ்ந்த புதுச்சேரிப் பிரதேசத்து ஊர் என்பதால் நமக்குச் சில நாட்கள் கூடுதல். நவம்பர் 1 விடுதலை நாள், ஆகஸ்ட் 16 சட்டப்படி இந்தியாவோடு இணைந்த நாள். நாகூர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் அந்த நாட்களில் நம் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். சுதந்திரத்துக்கு நான் எதிரி அல்லேன். ஆகஸ்டில் அடுத்தடுத்து இரண்டு நாள் வேண்டுமா என்பதே கேள்வி.

இந்த ஆய்வுக்கு ஒரு மறுப்பும் உண்டு. நேர்மை கருதிச் சொல்கிறேன். அன்று புனிதவதியாரின் கணவன் பரமதத்தன் வீட்டு வாசலில் பசியோடு ஓர் அடியார் வந்து நின்றார். சோறு ஆகியிருந்தது, கறி ஆகவில்லை. அதனால்தான் அந்த அம்மாள், கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழத்தில் ஒன்றை எடுத்து இலையில் வைத்தார். அடியார் மட்டும் அரைமணி கழித்து வந்திருந்தால் கறியோடு உண்டு போயிருப்பார். இரண்டு பழமும் கணவன் இலைக்கே போயிருக்கும். கொடுத்த பழத்துக்கு ஈடாக அற்புதப் பழம் வந்திராது, அதைக் கண்டு கணவன் அஞ்சிப் பிரிந்திருக்கவும் மாட்டான். அந்தாதி இல்லை, ஆனிப் பௌர்ணமியில் மாடிகளிலிருந்து மாம்பழம் வீசும் திருவிழாவும் இல்லை. வேலை முடியாத நேரத்தில் வாசலில் வந்து நின்றவராலேயே இவ்வூருக்கு ஒரு கவி கிடைத்தார். இம்மறுப்புக்கு என்னிடம் விடை இல்லை. நாத்தனாரிடம் இதைச் சொல்லப் போவதும் இல்லை.

எஞ்சியது நடைமுறை. எமகண்டத்துக்கு ஒரு கொப்பரை நல்லெண்ணெய் வேண்டும். இன்றைய விலையில் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டாது. பேயுருவே சிக்கனம். ஆனால் அதற்கு முன்நிபந்தனை ஒன்றைச் சேக்கிழார் வைத்திருக்கிறார்: கணவர் முதலில் வந்து காலில் விழ வேண்டும். பரமதத்தன் பாண்டிநாட்டில் மறுமணம் செய்த மனைவியோடும் மகளோடும் வந்து விழுந்தான். என் வீட்டுக்காரர் என் காலருகே குனிந்தது, கட்டிலுக்கடியில் போன ரிமோட்டைத் தேடியபோது மட்டும்தான். அப்போதும், “காலைக் கொஞ்சம் தூக்கு” என்றார்.