துடைக்கத் துணி இல்ல, பேட்டரி இருக்குதாம்

இன்னா தம்பி, பொம்மை ரயிலுக்கு இன்வெர்ட்டர் மாட்டப் போறியாமே? வண்டி நடுவழியில நின்னுடுதுன்னு எஞ்சினுக்குள்ள லித்தியம் பேட்டரியாம், அதுக்கு சார்ஜ் ஏத்த ஒரு சர்க்யூட்டாம். அம்மாடியோவ்! நெசமான மாரிக்குப்பம் ரயிலுக்குக் கூட இவ்ளோ கவனிப்பு கெடயாது.

அது ஏன் நிக்குதுன்னு என்னிக்காவது குனிஞ்சு பாத்தியா? ரெண்டு தண்டவாளத்துலயும் கரண்ட்டு, சக்கரம் அதைத் தொட்டு மோட்டாருக்குக் குடுக்குது. அவ்ளோதான் சங்கதி. நடுவுல தூசி, எண்ணெ, பொறி பட்டுக் கருத்த அழுக்கு வந்துச்சுன்னா வண்டி விக்கி விக்கி நின்னுடும். விரலால தண்டவாளத்தைத் தடவிப் பாரு. பொங்கலுக்கு அடுப்பு கழுவுன கையாட்டம் கருப்பா வரும். பேட்டரி அந்தக் கருப்பைத் தின்னுடுமா? மேல போர்வை போத்தி மறைக்கும், அவ்ளோதான்.

கரண்ட்டைப் பத்தி என்கிட்ட பேசாத. மைன்ஸுல எலெக்ட்ரிக்கல் பக்கம் இருந்தவன் நான். 1902ல சிவசமுத்திரத்துல காவேரியைப் புடிச்சு, 147 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்து, நம்ம கோலார் தங்கவயலுக்குக் கரண்ட்டு குடுத்தாங்க. பெங்களூருல கரண்ட்டுல தெரு லைட்டு எரிஞ்சது 1905லதான். நம்மளுக்கு அப்புறம் வந்த ஊரு அது! இப்ப விடிகாலையில ரயில் ஏறி அங்கதான் வேலைக்கு ஓடுற, அது வேற கதை. காடு மேடெல்லாம் தாண்டி வந்த கரண்ட்டு, உன் மேஜை மேல நாலு அடி தாண்ட மாட்டேங்குதுன்னா கோளாறு எங்க இருக்குது?

பேட்டரி வேணவே வேணாம்னு சொல்லல. இடுப்புல பேட்டரி, தலையில லைட்டு, அப்படித்தான் கீழ எறங்குவோம். மூணு கிலோமீட்டரு ஆழம். லைட்டு அணைஞ்சா உன் கை உனக்கே தெரியாது. உன் வண்டி நின்னா இன்னா ஆவும்? விரலால ஒரு தள்ளு!

தடம் பிரியுற அந்தப் பாயிண்ட்டு எடத்துல மட்டும் நீ சொல்றது ஞாயம்தான். தண்டவாளம் ஒண்ணை ஒண்ணு வெட்டுற எடத்துல பிளாஸ்டிக் துண்டு வச்சிருக்கான். நாலு சக்கரக் குட்டி எஞ்சின் அதுமேல ஏறுனா அங்கயே படுத்துக்கும். உன்னது டிஜிட்டல் கன்ட்ரோல்தானே? அந்த அரை நொடிக்கு ஒரு நல்ல கெபாசிட்டரு போதும். எஞ்சினுல கொஞ்சம் ஈயம் வச்சுக் கனமாக்கு, சக்கரம் அழுத்திப் புடிக்கும்.

பேட்டரி போட்ட வண்டி உன் சுவிட்சை மதிக்குமா? மேஜை ஓரத்துக்குப் போவுது, நீ கரண்ட்டை நிறுத்துற, அது பாட்டுக்கு ஓடிக்கினே இருக்கும். கடைசியா சொன்னது மட்டும்தான் அதுக்குக் காதுல நிக்கும். மாமியார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை கூட அவ்ளோ பிடிவாதம் புடிக்க மாட்டான்.

அது சரி, நம்ம ஊரு அகல ரயில் பாதை 1676 மில்லிமீட்டரு. 87ல ஒரு பங்கு அளவுன்னு பெருமை பேசுற, அப்ப 19 மில்லிமீட்டருக்கு மேல வரணும். நீ போட்டிருக்கிறது பதினாறரை. பாதையே ஒல்லி, இதுல அசல் மாதிரி ஓடணும்னு அவசரம் வேற!

அதை விடு, மொதல்ல கடைக்குப் போயி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டில் வாங்கியா. பஞ்சுத் துணியில தொட்டுத் தண்டவாளத்தைத் துடை, அப்புறம் சக்கரத்தைத் துடை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காத, கீறல்ல அழுக்கு போயி குடியேறும். அப்பவும் நிக்குதுன்னா என்னைக் கூப்புடு.

அந்த பேட்டரியைக் குப்பையில போட்டுடாத, லித்தியம் அது, நசுங்குனா தீப்புடிக்கும். என்கிட்ட குடு. ராத்திரி கரண்ட்டு போனா கொல்லைப்பக்கம் போவ ஒரு லைட்டு வேணும் எனக்கு.