சுவாவின் சுவரொட்டிப் பண்டிதர்

நெகிரி செம்பிலானில், போர்ட்டிக்சனை அடுத்த சுவா வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில், தண்டல் (வேலை மேற்பார்வையாளர்), கிராணி (எழுத்தர்) என்னும் பதவிகளோடு, துரையின் சம்பளப் புத்தகத்தில் ஏறாத இன்னொரு பதவியும் இருந்தது. அதை வகித்தவரைச் சுவரொட்டிப் பண்டிதர் எனலாம். படம் பட்டணத்துக் கொட்டகையில் ஓடும், பஸ்ஸுக்கும் டிக்கெட்டுக்கும் காசு சம்பள நாளில்தான் புரளும்; ஆகவே படத்தைச் சுவரிலேயே பார்த்து முடித்துவிடுவது அவர் வழக்கம்.

சுவரொட்டி, போகிறவரை நொடியில் மடக்குவதற்கென்றே வரையப்படுவது: நாயகனுக்குப் பாதித் தாள், நாயகிக்கு அவன் தோளோரம், வில்லனுக்குப் பச்சை பூசிய முகத்துடன் அடிமூலை. பண்டிதரோ, வெறும் காண்டா வாளிகளை (தோள்கட்டையின் இரு முனையிலும் தொங்கும் பால் வாளிகளை) இறக்கி வைத்துவிட்டு, அதை அரைமணி நேரம் வாசிப்பார். தாயின் கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் தெரிந்தால் இடைவேளைக்குள் அவள் சாவு உறுதி. நடிகர் பெயரின் எழுத்துப் பருமனே அவர் வாங்கிய சம்பளம். பெரட்டுக்கு, அதாவது விடியுமுன் நடக்கும் ஆள்கணக்கெடுப்புக்கு, இருட்டில் ஓடுகிறவன் எதையும் பார்க்கமாட்டான் என்பதால், வேலை முடிந்து திரும்புகிறவன் முகத்துக்கு நேராகவோ, அவசரமே இல்லாத கள்ளுக்கடைச் சுவரிலோ பசை தடவுகிறவனே கெட்டிக்காரன் என்பதும் அவருடைய தீர்ப்பு. 1973இல் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ சென்னையில் சுவரொட்டியே இல்லாமல், சிறு ஸ்டிக்கர்களோடு வெளிவந்து ஓடியதென்ற செய்தியை அவர் கடைசிவரை நம்பவில்லை; தொழில் அபிமானம் அப்படி.

சுவாவின் மழைக்குப் பசை தாங்குவதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய தாள்களில் மேல்தாள் பாதி கிழிந்து தொங்க, எம்.ஜி.ஆரின் வாளுக்குப் பக்கத்தில் பழைய சிவாஜியின் கலங்கிய முகம் எட்டிப்பார்த்த ஒரு மாலையில், கள்ளுக்கடையிலிருந்து வெளிப்பட்ட பண்டிதர் நெடுநேரம் நின்று ஆராய்ந்தார். இருவரும் சேர்ந்து நடித்தது 1954இல் வந்த ‘கூண்டுக்கிளி’ ஒன்றில்தான் என்பதை அவர் அறியாதவரல்லர்.

“தண்டலய்யா, ரெண்டு பேரும் மறுபடி சேர்ந்துட்டாங்க லா! சண்டையும் இருக்கு, அழுகையும் இருக்கு. எந்தக் கொட்டகையில ஓடுது?”