குழாயைக் கேட்டீர்களா?

மதுரை வாசகர்: மாஸ்டர் பெட்ரூமோடு சேர்ந்த பாத்ரூமை இடித்துக் கட்டப்போகிறோம். முதலில் முடிவு செய்ய வேண்டியது டைல்ஸா, கமோடா?

குழாய். கமோடிலிருந்து கிளம்பும் 4 அங்குலக் குழாய் எந்தச் சுவர் வழியாக இறங்குகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் டைல்ஸ் கடைக்குப் போங்கள். வாஷ் பேசின் பசு. ஒன்றேகால் அங்குலக் குழாய் போதும், எங்கே கட்டினாலும் நிற்கும். கமோட் காளை. மதுரைக்காரருக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டுமா?

நங்கநல்லூர் வாசகி: அபார்ட்மென்டில் இருக்கிறோம். கமோடை எதிர்ச் சுவருக்கு மாற்ற ஆசை. மேஸ்திரி "பண்ணிடலாம் மேடம்" என்கிறார். நம்பலாமா?

"பண்ணிடலாம்" என்பது மேஸ்திரிகளின் வணக்கம். அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "வாட்டத்துக்கு எங்கே போவீங்க?"

4 அங்குலக் குழாய்க்கு 5 அடிக்கு ஓர் அங்குலமாவது வாட்டம் வேண்டும். எதிர்ச் சுவர் 5 அடி தள்ளி என்றால் குழாய் அங்கே ஓர் அங்குலம் மேலே கிளம்ப வேண்டும். உங்கள் கட்டடத்தில் பாத்ரூம் தளத்தை மட்டும் ஓர் அடி போலத் தாழ்த்திப் போட்டு, மேலே செங்கல் ஜல்லி நிரப்பியிருந்தால் அதற்குள் சமாளித்துவிடலாம். அந்தப் பள்ளம் இல்லையென்றால், உங்கள் குழாய் கீழ் வீட்டு பாத்ரூம் கூரையில் தொங்கிக்கொண்டிருக்கும். அதாவது உங்கள் கமோட் நகர்வது அவர்கள் தலைக்கு மேல். மேஸ்திரியிடம் கேட்பதற்கு முன் அவர்களிடம் கேட்க வேண்டும்.

எப்படியும் தரையை உடைத்தால் வாட்டர் ப்ரூஃபிங் புதிதாகத்தான். அது முடிந்ததும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விடுங்கள். கீழ் வீட்டுக் கூரையைப் போய்ப் பாருங்கள். நான் அவசரப்பட்டு அதைச் செய்யவில்லை. மூன்றாவது மாதம் கீழ் வீட்டு மாமா மாடியேறி வந்தார். திட்டவில்லை. காபி டம்ளர் நிறையப் பழுப்புத் தண்ணீரை நீட்டி, "உங்களுது" என்றார்.

திருச்சி வாசகி: பாத்டப் வைக்கலாமா?

பக்கெட்டுகளை அடுக்க ஐந்தடியில் ஒரு பீங்கான் பெட்டி தேவைப்பட்டால் வைக்கலாம். நிரப்ப 150 லிட்டராவது ஆகும். உங்கள் 25 லிட்டர் கீசரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

கோவை வாசகர்: எங்களுடையது 5 அடிக்கு 8 அடி. குறுகிய சுவரில் கதவு. எதை எங்கே வைப்பது?

இடம் பத்தாது என்று வருந்தாதீர்கள். குளியலும் கழிப்பறையும் சேர்ந்த அறைக்கு 2.8 சதுர மீட்டர், அதாவது சுமார் 30 சதுர அடி இருந்தால் சரி என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. உங்களிடம் 40 இருக்கிறது.

கதவருகே பேசின், நடுவில் கமோட், கடைசியில் ஜன்னல் பக்கம் குளியல். கமோட் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 15 அங்குலம் விட்டால் அதற்கு இரண்டரை அடி. பேசினுக்கு இரண்டரை. குளிக்க மூன்று. எட்டடி தீர்ந்தது. மூன்றையும் ஒரே நீளச் சுவரில் சேர்த்தால் குழாயும் ஒரே வரிசையில் முடியும். பெட்ரூம் கதவு திறந்து கிடந்தாலும் கட்டிலிலிருந்து தெரிவது பேசின்தான். கமோட் தரிசனம் கிடையாது.

கம்பெனி கேட்டலாக்கைப் பாருங்கள்: ஒரு படத்திலாவது பக்கெட் இருக்கிறதா? உங்கள் வீட்டில் இருக்கும். ஷவருக்குக் கீழே பக்கெட் நுழையும் உயரத்தில் தனிக் குழாய் கேளுங்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் உண்டென்றால் அந்த மூன்றடிக்கு மட்டுமாவது சொரசொரப்பான டைல்ஸ். தரை வாட்டம் முழுக்க ஜன்னல் பக்கம். ஒட்டி முடித்ததும் ஒரு குவளை தண்ணீரைக் கதவருகே ஊற்றி, அது எங்கே போகிறது என்று பார்த்த பிறகு மீதிப் பணம் கொடுங்கள்.

வேளச்சேரி வாசகர்: குளிக்கும் இடத்துக்குக் கண்ணாடித் தடுப்பு?

போர் தண்ணீரா? ஆறு மாதத்தில் அது உப்புக் கண்ணாடி. தினமும் வைப்பர் போட ஆள் யார் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

ஈரோடு வாசகர்: சுவரில் தொங்கும் கமோட் எடை தாங்குமா?

உள்ளே இரும்புச் சட்டம் போட்டு மாட்டினால் சம்பந்திகள் இருவரையும் சேர்த்துத் தாங்கும். பிரச்சினை வேறு. நாலரை அங்குலச் சுவரைக் குடைந்து தண்ணீர்த் தொட்டியை ஒளிக்க முடியாது. சுவருக்கு முன்னால் இன்னொரு குட்டிச் சுவர் எழுப்ப வேண்டும். அரையடி அதற்குப் போகும்.

கும்பகோணம் வாசகி: பாத்ரூம் ஈசானிய மூலையில் இருக்கிறது. வாஸ்துக்காரர் இடிக்கச் சொல்கிறார்.

குழாய் எந்த மூலையில் இறங்குகிறது என்று அவரும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

தஞ்சாவூர் வாசகர்: அப்பாவுக்கு 74 வயது. அவருக்காக என்ன மாற்ற வேண்டும்?

கதவு. அது வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவிலேயே சாய்ந்து கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவை நீங்கள் எப்படித் தள்ளுவீர்கள்? கமோடருகே கைப்பிடிக் கம்பி வேண்டும். திருகாணி டைல்ஸோடு நின்றுவிடாமல் செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்து எழுந்திருக்க முடியாது, பிடித்தவர்கள் சொல்வார்கள்.

சேலம் வாசகர்: கமோடுக்குள் குழாய் ஏன் வளைந்து போகிறது?

அந்த வளைவில் தேங்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயுவுக்குப் பூட்டு. 1775இல் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங், தொழில் கடிகாரம் செய்வது. தரை வடிகாலிலும் இதே பூட்டு உண்டு. மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் அது காய்ந்துவிடும். திரும்பி வந்ததும் நாற்றம் அடித்தால் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பிளம்பரிடம் என் பெயரைச் சொல்ல வேண்டாம்.