மன்னார்த்தீவில் வயரிங் நூல் கொள்முதல்: பாயிரமும் கழுதைப் படலமும்

வயரிங் வேலை செய்பவர் எந்த விதிநூலைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்ற வினா, தள்ளாடி தொடக்கம் தலைமன்னார் இறங்குதுறை வரை, இதுநாள்வரை உரியவாறு ஆராயப்படவில்லை. மன்னாரைப் பற்றி எழுதப்புகும் எந்தக் கட்டுரையும் மாதோட்டத் துறைமுகத்தில் உரோமக் காசை இறக்காமல் நமது ஆய்விதழ்களில் ஏறுவதில்லை. ஆகவே இறக்கியாயிற்று. உரோமர் வயரிங் செய்யாதபடியால் அவர்களைக் கரையிலேயே விட்டுவிட்டு மேலே செல்வோம்.

நூல்கள் முதல், வழி, சார்பு என மூவகை என்பது நன்னூல் கண்ட பிரிவு. பவணந்தி முனிவருக்கு மின்சாரமும் தெரிந்திருந்தது என்று நிறுவ நம்மிடையே ஆட்கள் உண்டு. பதவி உயர்வுக்கு இன்னும் ஒரு கட்டுரை குறைகிறவர்களுக்காக அந்தத் தலைப்பை விட்டுவைக்கிறோம். நமக்கு அவருடைய மூன்று தட்டு அலுமாரி போதும்.

முதல் நூல் லண்டனில் இருக்கிறது. 1882இல், மின்விளக்கால் வீடு எரியாமலிருக்க வேண்டுமென்று அங்கிருந்த தந்திப் பொறியியலாளர் சங்கம் ஒரு சில பக்கங்களில் விதி எழுதியது. அது 1992இல் பி.எஸ். 7671 என்று ஞானஸ்நானம் பெற்று, 2018இல் பதினெட்டாம் பதிப்பாகி, இன்று ஐந்நூறு பக்கங்களைத் தாண்டி நிற்கிறது. விலை நூறு பவுணுக்குக் குறையாது. அதை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பது இக்கட்டுரையின் எல்லைக்கும் வயரிங்காரரின் இதயத்துக்கும் அப்பாற்பட்டது. வழி நூல் என்பது இதே சங்கத்தின் வாரிசு வெளியிடும் ‘ஒன்-சைட் கைட்’ என்ற சிறு கைந்நூல். சார்பு நூல் என்பது போட்டோகொப்பி.

பதிப்பு வேறுபாட்டை ஆண்டு சொல்லி அறிபவர் புத்தகக்கடைக்காரர். நிறம் சொல்லி அறிபவரே தொழிலாளி. 2008இல் அட்டை சிவப்பு, 2011இல் பச்சை, 2015இல் மஞ்சள், 2018இல் நீலம், 2022இல் மண்ணிறம். இங்கே நமது முதலாவது கண்டுபிடிப்பைப் பணிவுடன் வெளியிடுகிறோம். இப்போதைய வயர் நிற முறையில் நீலம் நியூட்ரல், மண்ணிறம் லைவ். ஆகவே நீல நூலை மட்டும் வைத்திருப்பவரிடம் கரண்ட் வராது. மண்ணிற நூலை மட்டும் வைத்திருப்பவரிடம் வந்தது திரும்பிப் போகாது. இரண்டையும் வாங்கினாலே சுற்று முழுமையடையும் (வாய்மொழிச் சான்று, சொன்னவர் புத்தகம் விற்பவர்).

அமெரிக்க விதிநூல் வேண்டாம்; அங்கே 120 வோல்ட்.

இந்தியாவினது சற்றுச் சிக்கலானது. அமெரிக்க நூலுக்கும் இந்திய நூலுக்கும் ஒரே முதலெழுத்துகள், என்.ஈ.சி. இணையத்தில் மலிவாகக் கிடைத்ததென்று ஒன்றைத் தரவிறக்கி மற்றதைப் படித்தவர்கள் இருக்கக்கூடும். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர்தான். உலகின் மின்விதி நூல்களுள் மன்னாருக்கு மிகக் கிட்ட இருப்பது இந்திய நூலே. கொழும்பு அதைவிட எட்டம். ஆனால் சட்டம் கடல்மைலில் அளப்பதில்லை. நம் வீடுகளுக்கு வரும் பரிசோதனைப் பத்திரம் சாட்சிக்குக் கூப்பிடுவது லண்டனைத்தான். அந்த லண்டன் நூலின் கேபிள் அட்டவணைகளைத் திறந்தால் சுற்றுப்புற வெப்பம் 30 பாகை என்று வைத்துக் கணக்கிட்டிருப்பார்கள். அந்த ஊருக்கு அது பெருந்தன்மை. இந்த ஊரில் வாடை ஓய்ந்த ஒரு பங்குனி மத்தியானம் தகரக் கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் தலையை விட்டுப் பார்த்தவர்கள் 30 என்ற எண்ணை மார்கழியோடு மட்டும் சேர்த்துச் சொல்வார்கள். சாதாரண பி.வி.சி. வயரானால் 40 பாகையில் அட்டவணை தரும் அம்பியரை 0.87ஆல் பெருக்க வேண்டும், 45இல் 0.79ஆல். ஐந்திலொரு பங்கு கூரைக்குள்ளேயே காணாமற்போகிறது. இந்தத் திருத்த அட்டவணை வழி நூலிலும் உண்டு என்பதை வாசகர் மனத்தில் இருத்துக, பின்னால் தேவைப்படும்.

முதல் நூலின் ஏழாம் பாகம் விசேட இடங்களைப் பற்றியது. நீச்சல் தடாகம், வள்ளத்துறை, கரவன் தரிப்பிடம், களியாட்ட விழா எல்லாம் உண்டு. 703ஆம் பிரிவு, வியர்ப்பதற்காக மனிதர் காசு கொடுத்து உட்காரும் சோனா அறைக்கு உரியது. எருக்கலம்பிட்டியிலோ பேசாலையிலோ சித்திரை மாதம் இது முழு வீட்டுக்கும் பொருந்துமா என்பதை அடுத்த ஆய்வாளருக்கு விடுகிறோம்.

இனிக் கழுதை.

ஐந்தாம் பின்னிணைப்பில், ஒரு மின்நிறுவலைத் துன்புறுத்தக்கூடிய வெளிக்காரணிகள் அனைத்துக்கும் ஈரெழுத்துக் குறியீடு இட்டிருக்கிறார்கள். நீர் ஏ.டி., அரிப்பு ஏ.எஃப்., மோதல் ஏ.ஜி., அதிர்வு ஏ.எச்., தாவரம் ஏ.கே., விலங்கு ஏ.எல்., காற்று ஏ.எஸ். காற்று அங்கே ஓர் உபத்திரவம்; இங்கே 2020 முதல் தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள் அதே உபத்திரவத்தில் நூறு மெகாவொட் எடுக்கின்றன. அது நிற்க. மன்னார் நகரத்துத் தெருக்களில் உரிமையாளர் இன்றித் திரியும் கழுதைகளுக்கு எந்தக் குறியீடு? முதற்பார்வையில் ஏ.எல். ஆனால் அங்கே உரைகாரர் மனத்தில் இருப்பவை பூச்சி, பறவை, சிறு விலங்கு. நமது மெயின் போர்டுக்குள் குடியிருக்கும் பல்லிக்கும் சுவிச்சுக்குள் முட்டையிடும் எறும்புக்கும் அது கச்சிதம். கழுதை சிறு விலங்கு அன்று என்பதைக் கழுதையிடம் உதை வாங்கியவர் எவரும் உறுதிப்படுத்துவார். அந்த உதையைக் கருதினால் குறியீடு ஏ.ஜி. ஆகிறது. மீற்றர் பெட்டி பூட்டிய தூணில் அது நின்று முதுகைத் தேய்க்கிறது என்றால் ஏ.எச். சுவரொட்டி தின்னும் வாய் கேபிள் உறையைச் சுவைத்துப் பார்த்தால் மீண்டும் ஏ.எல். (ஏணியின் உச்சியிலிருந்து கிடைத்த சான்று, கீழே நின்ற உதவியாள் மறுத்துக் கை நீட்டிப் பேசியதால் ஏணி விடப்பட்டது, உச்சியிலிருந்தவரின் பதிலுரை கிடைக்கவில்லை).

ஏழாம் பாகத்தின் 705ஆம் பிரிவு கால்நடைத் தொழுவங்கள் அடங்கலான பண்ணை, தோட்ட வளாகங்களுக்கு உரியது. அதன் காரணம் நியாயமானது. நாலுகால் பிராணியின் முன்னங்காலும் பின்னங்காலும் நிலத்தில் எட்டி எட்டி ஊன்றியிருப்பதால், தரையில் கசியும் மின்னழுத்த வேறுபாடு நெஞ்சு வழியாகப் போகும். மனிதன் உணராத கசிவு மாட்டைக் கொல்லலாம். ஆகவே கால்நடைக்கு எட்டும் உலோகம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பிணைக்கச் சொல்கிறது நூல். ஆனால் பேருந்து நிலையத்து நிழலில் படுத்திருக்கும் கழுதை தொழுவத்தில் இல்லை. ஆகவே அது கால்நடையா, பாதசாரியா? இவற்றுக்கென இவ்வூரில் ஒரு சிகிச்சை நிலையமே இயங்கியிருக்கிறது என்பதைக் கொண்டு பார்த்தால் ‘நோயாளி’ என்று கொண்டு, 710ஆம் பிரிவாகிய மருத்துவ இடங்களுக்குக் கீழ் கொண்டுவருவோரும் உளர். அவர் கூற்று பொருந்தாது. ஏனெனில், 710 என்ற எண்ணுக்கு அருகில், கண்டெடுக்கப்பட்ட ஒரு சார்பு நூற் பிரதியில், “இல்லை” என்று பேனையால் எழுதப்பட்டுள்ளது (ஓரக்குறிப்பு, எழுதியவர் பெயர் இன்சுலேஷன் ரேப்பின் கீழ் பாதி மறைவு, பாதிப் பெயரை வைத்து மூன்று பரம்பரை காட்டும் முன்னுரை தயார், ரேப்பை உரித்துப் பார்க்க நிதி கோரியிருக்கிறோம், நிதி வந்தால் வெளிநாட்டு மாநாடு ஒன்றில் உரிப்போம்).

மற்றொன்று விரித்தல் நூலுக்குக் குற்றம் என்று பவணந்தியே சொல்லியிருப்பதால் எர்த்துக்கு வருகிறோம். நம் வீடுகளில் எர்த் என்பது பெரும்பாலும் அவரவர் வளவில் அவரவர் அடித்த கம்பி. இந்திய எர்த் நூல் குழிக்குள் உப்பும் கரியும் போடும் முறையையும் பேசுகிறது. மன்னாரில் உப்பைக் கடலே போட்டிருக்கிறது. கரி மட்டும் குறை. ஆயினும் கோடையில் மேல்மணல் காய்ந்தால் அதில் கரண்ட் நகராது; ஈர உவரில் நன்றாக நகரும், கம்பியும் சேர்ந்து கரைந்துபோகும். லண்டன் நூலின் கணக்குப்படி 30 மில்லி அம்பியர் ரிப் சுவிச் இருந்தால் 1667 ஓம் வரை எர்த் போகலாம். ஆனால் 200ஐத் தாண்டினால் அந்த எர்த்தை நம்பாதே என்றும் அதே நூல் சொல்கிறது. இந்த இரண்டு எண்களுக்கும் ரிப் சுவிச்சுக்கும் மாதமொருமுறை அதன் பொத்தானை அமத்திப் பார்ப்பதற்கும் ஐந்நூறு பக்கம் தேவையில்லை.

ஆகவே தீர்ப்பு: வழி நூலை வாங்குக. மண்ணிறத்தில் வாங்குக. கையில் இன்னும் காசு இருந்தால் சோதனை பற்றிய மூன்றாம் வழிகாட்டி, எர்த் பற்றிய எட்டாம் வழிகாட்டி. முதல் நூலை நாலு பேர் சேர்ந்து வாங்கலாம். சண்டை வந்தால் பதிப்பு வந்ததென்று கொள்க. வழி நூலுக்கு இன்னொரு சிறப்பு, களிசான் பையில் அடங்கும் என்பது. இதன் அருமை தொழிலாளிக்குத்தான் தெரியும். வீட்டுக்கார அக்கா தேத்தண்ணியோடு வந்து, “என்ன தம்பி, புத்தகம் பாத்தோ வயர் இழுக்கிறியள்? அப்ப வேலை தெரியாதோ?” என்று கேட்டுவிட்டால் அந்த ஒழுங்கையில் பிறகு வேலை கிடையாது. மருத்துவர் நூலைப் புரட்டினால் ஆராய்ச்சி. பேராசிரியர் புரட்டாமலே மேற்கோள் காட்டினால் புலமை. வயரிங்காரர் புரட்டினால் அறியாமை.

ஒளித்துப் பார்க்க வீட்டில் உள்ள ஒரே தாழ்ப்பாள் குளியலறையில் இருக்கிறது. அது 701ஆம் பிரிவு. வலயம் ஒன்றிலும் இரண்டிலும் நீர்த்தெறிப்பு தாங்கும் ஐ.பி.எக்ஸ். 4 தரம் வேண்டும்; நூலின் அட்டைக்கு அத்தரம் இல்லை. வாசிப்பவரை ஒரு பிளக் சோக்கெட்டாகக் கருதினால், வலயம் ஒன்றின் ஓரத்திலிருந்து நீல நூலின்படி அவர் 3 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும், மண்ணிற நூலின்படி இரண்டரை மீற்றர். தீவுக்குள் நாம் அறிந்த குளியலறைகளில் இரண்டு அளவும் சுவரைத் தாண்டி விறாந்தையில், அக்கா நிற்கும் இடத்தில் போய் விழுகின்றன.