அரை பர்சென்ட் ஆசாமி

கோலார் தங்கவயலில், பாலகாட்டிலிருந்து ராபர்ட்சன்பேட்டை வரை, வீடு வாங்கவோ விற்கவோ கிளம்புகிறவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஆள் கிடைப்பார். ஆள் தேடும் நாட்களில் புரோக்கருக்கு ராஜ உபசாரம்: "வாங்கண்ணா, இன்னொரு டீ சொல்லட்டுமாண்ணா?" அட்வான்ஸ் கைமாறிய மறுநாளே போன் மணி அவர் காதில் விழாமல் போகும். பதிவு நாளன்று சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசலில் வாய் திறக்கும்: "அப்படி என்னதான் செஞ்சீங்க? வீட்டைக் காட்டினீங்க. வீடு அங்கேயேதானே இருந்துச்சு!" ஒரு பர்சென்ட் அரை பர்சென்ட் ஆகும்வரை மனிதர் நகரமாட்டார். ஆனதும் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் சேதி போகும். வீடு என்ன விலைக்குப் போச்சு என்று கேட்டால் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும். முதலில் வந்தவர் கேட்ட விலைக்கே தலையாட்டியிருப்பார்.

இந்த வெற்றியைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீடு 30 லட்சம் என்று வைத்துக்கொண்டால் ஒரு பர்சென்ட் கமிஷன் 30,000 ரூபாய். அதைப் பாதியாக்கியதில் லாபம் 15,000. கர்நாடக அரசு 2025 ஆகஸ்ட் 31 முதல் பதிவுக் கட்டணத்தை 1 சதவிகிதத்திலிருந்து 2 சதவிகிதமாக உயர்த்தியது. 30 லட்ச ரூபாய்ப் பத்திரத்துக்கு அந்த உயர்வு மட்டும் 30,000, அதாவது புரோக்கரின் முழுக் கமிஷன். நம்மவரே வாங்குகிற பக்கம் இருந்தால் அதை முனகாமல் கட்டிவிட்டு, கூட நின்ற மனிதரிடம் வீரம் காட்டுவார். அரசாங்கத்திடம் பேரம் பேச முடியாதே என்பார். உண்மைதான். ஆனால் பேசக்கூடிய பெரிய தொகை வேறொன்று இருந்தது: வீட்டு விலை. தோண்டும் செலவு கிடைக்கும் தங்கத்தை விழுங்கியதால் 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தையே மூடிய ஊர் இது. அந்த ஊர்க்காரர் 15,000 ரூபாய்க்காக இவ்வளவு ஆழம் தோண்டுவதுதான் வேடிக்கை.

விலையில் எவ்வளவு நழுவுகிறது என்பதற்குச் சான்று உண்டு. ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் சிகாகோ வட்டாரத்தின் ஏறக்குறைய ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்ட கட்டுரையில், ஏஜென்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சுமார் ஒன்பதரை நாள் கூடுதலாகக் காத்திருந்து, ஏறத்தாழ 3.7 சதவிகிதம் அதிக விலை பெற்றதைக் காட்டினார்கள். நம் 30 லட்ச வீட்டுக்கு அது 1,11,000 ரூபாய். ஒரு பர்சென்ட் கணக்கில் அதில் புரோக்கருக்குக் கிடைப்பது 1,110. அதற்காக எவர் பத்து நாள் அலைவார்? நம்மவர் கமிஷனைப் பாதியாக்கியதும் அது 555 ஆகிவிடுகிறது. நல்ல விலைக்குக் காத்திருக்கப் புரோக்கருக்கு இருந்த சொற்பக் காரணத்தையும் பாதியாக வெட்டிவிட்டு, சாமர்த்தியம் என்று பெயர் வைத்துக்கொள்கிறார். வாங்குகிறவர் நிலைமை இன்னும் மோசம்: விலை ஏற ஏற அவர் தரும் கமிஷனும் ஏறுகிறது. தன் பணத்தை அதிகம் கரைப்பவருக்கு அதிகக் கூலி! அவர் பர்சென்ட்டை விட்டுவிட்டு ஒரே தொகையாகப் பேசுவதே நல்லது.

"வீட்டைக் காட்டினதுக்கா இவ்வளவு?" என்ற ஆட்சேபம் மீதி நிற்கிறது. இந்த ஊரில் அது செல்லாது. சுரங்கக் கம்பெனியின் லைன் வீட்டில் குடியிருப்பது வேறு, அதை விற்கும் உரிமை வேறு. எந்த வீட்டுக்குக் காத்தா (நகராட்சிச் சொத்துப் பதிவு) ஒழுங்காக இருக்கிறது, எது வெறும் வாய்வார்த்தையில் கைமாறியது என்று தெரிந்த புரோக்கர் பெரிய தலைவலியைத் தடுக்கிறார். அதற்காக அவர் வார்த்தையை வேதமாக்க வேண்டாம்; இரு தரப்பிலும் கமிஷன் வாங்கும் அவருக்கு வேண்டியது பேரம் முடிவது மட்டுமே. வில்லங்கச் சான்றை நாமே எடுத்துப் பார்க்க வேண்டும். 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா காக்காதா என்றால், பதிவு செய்யப்பட்ட திட்டங்களில் விற்கும் ஏஜென்டுகளைத்தான் அது பதிவுக்கு உட்படுத்துகிறது. கமிஷன் இவ்வளவு என்று நிர்ணயிக்கவில்லை. கைமாறும் பழைய வீட்டுக்கு நம் பேச்சுதான் சட்டம். அந்தப் பேச்சும் முன்கூட்டியே நடக்க வேண்டும். கமிஷன் வழக்குகளில் சிக்கி 41 கோடியே 80 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்ட அமெரிக்க ரியல் எஸ்டேட் ஏஜென்டுகள் சங்கம், 2024 ஆகஸ்ட் 17 முதல் ஏற்ற விதி இதுதான்: ஏஜென்டுடன் வீடு பார்க்கப் போகுமுன், அவர் கூலி எவ்வளவு என்று வாங்குகிறவர் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

விற்கிறவர் எப்படிப் பேசலாம்? அடிப்படை விலை 28 லட்சம் என்று வைத்து, அதுவரை ஒரே தொகையாக 20,000. அதற்கு மேல் வரும் ஒவ்வொரு ரூபாயிலும் பத்தில் ஒரு பங்கு. அடிப்படை விலையைப் புரோக்கர் குறைத்துச் சொல்லிவிட மாட்டாரா? சொல்வார். அதனால்தான் அதை அவரிடம் கேட்கக்கூடாது. பக்கத்துத் தெருவில் அண்மையில் வீடு விற்றவரிடமும், ஒருவரையொருவர் அறியாத வேறு இரண்டு புரோக்கர்களிடமும் விசாரித்து நாமே வைக்க வேண்டும். வீடு 30 லட்சத்துக்குப் போனால், கூடுதலாக வந்த 2 லட்சத்தில் புரோக்கருக்கு 20,000, வீட்டுக்காரருக்கு 1,80,000. இதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் நம்மவர் சம்மதிக்க மாட்டார். தனக்கு ஒரு லட்சம் நழுவினால் தாங்கிக்கொள்வார். புரோக்கருக்கு மொத்தமாக 40,000 போனால் அன்றிரவு அவருக்குத் தூக்கம் வராது.